ஆறேகால் மணிக்குப் பச்சை விளக்கு

பழைய வீடியோ கேம் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கும் மாடல் ஸ்டிக்கரை நம்புகிறவனை மெக்கானிக் என்றே நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எங்கள் பக்கத்தில் எந்தப் பெட்டியும் பிறந்த மூடியோடு இருப்பதில்லை. ஒன்றின் மூடி உடைந்தால், செத்துப்போன இன்னொன்றின் மூடியைக் கழற்றி மாட்டிவிடுவோம். ஸ்டிக்கரும் அந்த மூடியோடு வந்துவிடும்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது பழைய போர்டா புது போர்டா என்று தெரிந்துகொள்ள நான் செய்வது ஒன்றுதான். கன்ட்ரோலரில் இரண்டு பொத்தான்களை அழுத்திப் பிடித்தபடியே பவர் போட வேண்டும். விளையாடுகிறவர்கள் யாரும் பார்த்திராத நீல மெனு ஒன்று வரும். மூன்றாவது வரியில் போர்டின் எண் இருக்கும். ஸ்டிக்கர் புளுகும், கொண்டுவருகிறவன் புளுகுவான், அந்த மெனு புளுகாது என்று வருகிறவர்களிடமெல்லாம் வாய் வலிக்கச் சொல்லுவேன்.

போன ஐப்பசியில் அரியலூர் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் அவளுடைய கொழுந்தனும் அப்படி ஒரு பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பேசியதெல்லாம் கொழுந்தன்தான்.

"தானா ஆன் ஆவுதுங்க. டெய்லி சாயங்காலம் ஆறேகாலுக்கு. எங்கண்ணன் கல்லு லாரி ஓட்டிட்டு வந்து வெளையாட உக்கார்ற நேரம் அது. அண்ணன் தவறி எட்டு மாசம் ஆச்சு."

அவள் துண்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி அது முன்னாடி உக்காந்துகிட்டுப் பேசிக்கிட்டு இருக்காங்க. எங்கம்மா பயந்து போயி கெடக்குது. கோளாறுன்னா சரி பண்ணிக் குடுங்க. கோளாறு இல்லேன்னா சொல்லிடுங்க, இன்னைக்கே கெணத்துல போட்டுடறேன்."

"கெணத்துல போட வேணாம்னு நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றாள் அவள். அவ்வளவுதான் பேசினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வந்த போர்டுகளில் பவர் சுவிட்ச் சொத்தை. மழைக்காலத்து ஈரக்காற்று ஏறினால் தானாகவே ஆன் ஆகிவிடும். இதெல்லாம் எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. ஸ்டிக்கரைப் பார்த்தேன். பழைய போர்டு என்றுதான் போட்டிருந்தது. இரண்டு நாள் கரண்டில் மாட்டியபடி கடையில் இருக்கட்டும் என்று சொல்லி அவர்களை அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மேஜையில் டிக்கென்று சத்தம். பச்சை விளக்கு எரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறேகால். சரிதான், ஈரக்காற்று ஏறுகிற நேரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டியை அணைத்தேன். இரண்டு பொத்தான்களைப் பிடித்து மெனுவுக்குள் போனேன்.

மூன்றாவது வரியில் இருந்தது கடைசியாக வந்த புது போர்டின் எண். அதில் அந்தச் சொத்தை சுவிட்சே கிடையாது. யாராவது விரலால் தொட்டால்தான் ஆன் ஆகும். சனியனே என்று திட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதே எண். மூடியைக் கழற்றினேன், போர்டின் மேலும் அதே எண் அச்சாகியிருந்தது. துரு இல்லை, ஈரம் இல்லை, ஒரு எறும்புகூட இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மறுநாள் ஆறு மணிக்கே ஷட்டரை இழுத்துவிட்டு, ஆறரை வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றேன். எந்த பஸ்ஸுக்கு என்று ஒரு கண்டக்டர் கேட்டார்.

அடுத்த நாள் காலையில் அவர்கள் வந்தார்கள்.

"என்னண்ணே, கோளாறுதானா?" என்றான் கொழுந்தன்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளதைச் சொன்னால் பெட்டி கிணற்றுக்குப் போகும்.

"கோளாறேதான். பழைய போர்டு. ஈரக்காத்துக்கு ஆன் ஆவும். சுவிட்ச மாத்திட்டேன், இனிமே வராது" என்றேன். நான் மாற்றியது ஒன்றுமில்லை. கழற்றிய திருகாணிகளைத் திரும்ப முடுக்கியிருந்தேன், அவ்வளவுதான்.

கொழுந்தனுக்கு முகம் தெளிந்தது. அவள் பெட்டியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். பெரிய புண்ணியம் பண்ணிவிட்ட மாதிரி அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் அவள் தனியாக வந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"இப்ப ஆன் ஆவுதாம்மா?"

"இல்லண்ணே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்றுமே செய்யாமல் எப்படி நிற்கும்? இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பாத்தியா, சுவிட்சுதான்னு சொன்னேன்ல."

"நீங்க சுவிட்ச மாத்தல" என்றாள். குரலில் கோபமே இல்லை. "கொண்டு போன அன்னிக்கும் ஆறேகாலுக்கு ஆன் ஆச்சு. நான்தான் கிட்டப் போயி சொன்னேன். ஏங்க, இது நீங்க இல்லையாம், வெறும் கோளாறாம், பெரம்பலூர்க் கடைக்காரரு சொல்லிட்டாருன்னு. சொல்லி வாய மூடல, அணைஞ்சிடுச்சு. அதுலேருந்து அவரு வரவே இல்லண்ணே."

நான் மேஜையிலிருந்த திருப்புளியை எடுத்து வைத்தேன், மறுபடி எடுத்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நான் சொன்ன பொய்யை, இந்தப் பெண் அப்படியே கொண்டுபோய் அவரிடம் ஒப்பித்திருக்கிறாள்.

"நான் சொன்னா அவரு நம்ப மாட்டேங்கறாரு. தெனமும் சொல்லிப் பாத்துட்டேன்" என்றாள். "நீங்க ஒரு தடவ வூட்டுக்கு வந்து, அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு அவருகிட்ட சொல்றீங்களா?"

மணி மூன்றரை. ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். அரியலூர் பஸ்ஸில் அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் அந்த மனுஷனிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.