விபத்தில்லாத நாள் 413

பூர்ணிமா குளிர்பெட்டியைத் திறந்து எண்ணினாள். டெட்டனஸ் ஊசி மருந்து பதினொன்று இருந்தது. கதவில் ஒட்டியிருந்த சீட்டு, இந்த மாதம் முதல் தேதி முப்பது வந்ததாகச் சொன்னது. இன்று பதினாறாம் தேதி.

உட்காருங்கள், சார் வருவார் என்று சொல்லிவிட்டுக் காவலுக்கு நிற்கும் பெண் போய்ப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் பூர்ணிமா அந்தத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டாள். மேசைமேல் கிடந்த பதிவேட்டைப் புரட்டினாள். தலைவலி, காய்ச்சல், வயிற்றுவலி, மறுபடி தலைவலி. ஒரு வெட்டுக்காயம் இல்லை. ஒரு விரல் நசுங்கவில்லை. தலைவலிக்கு யாரும் டெட்டனஸ் ஊசி போடுவதில்லை.

அறைக்கு வெளியே பச்சைப் பலகை ஒன்று நின்றது. விபத்தில்லாத நாட்கள் என்று எழுதி, பக்கத்தில் மூன்று தகர எண்கள் ஆணியில் தொங்கின. நானூற்றுப் பன்னிரண்டு.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. ஒரகடத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஏழு வருடமாக நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு டூட்டி. அவள் வடக்குப்பட்டுக்குத் திரும்பும்போது யூகேஜி படிக்கும் மகள் வேன் ஏறியிருப்பாள். மகளுக்குத் தலை பின்னக் கணவன் மோகன் கற்றுக்கொண்டிருந்தான். நன்றாகவே பின்னினான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

நான்கு மாதமாகப் பகல் வேலை தேடினாள். ஸ்ரீபெரும்புதூர் கிளினிக்கில் பாதிச் சம்பளம் சொன்னார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் நர்ஸ் வேலையோடு வேனில் ஆயா வேலையும் பார்க்கச் சொன்னார்கள். வல்லம் வடகாலில் இருக்கும் இந்தக் கம்பெனிக்கு அவள் விண்ணப்பிக்கவே இல்லை. அவர்களாகவே கூப்பிட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை. பஸ் ஊருக்கே வரும். ஞாயிறு லீவு.

மாமியார் முனியம்மாள் அதைக் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள். "கேக்காமயே குடுக்கிறானா? இன்னாத்துக்காம்?"

இதற்கு முன் இங்கிருந்த நர்ஸ் பெயர் சசிகலா. ஏன் போனார் என்று காவல்காரப் பெண்ணிடம் கேட்டிருந்தாள். கல்யாணம் ஆகி ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார். மேசையின் இழுப்பறையில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் படம் கிடந்தது. பின்னால், என் அம்மா சசிகலாவுக்கு என்று கோணல் எழுத்து.

வந்தவர் பெயர் வனமாமலை. நிர்வாக அதிகாரி. தெற்கத்திக்காரர் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. அடுத்த குழந்தை யோசனை உண்டா, மாமியார் கூட இருக்கிறாரா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சசிகலா ஏன் போனார் என்று அவள் கேட்டதற்கு, வீட்டுக்காரருக்கு மாற்றலாகிவிட்டது என்றார்.

அந்தக் குரலை எங்கோ கேட்டிருந்தாள்.

அவளுடைய மருத்துவமனைக்குக் கையில் துணி சுற்றிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். கூடவே ஒருவர் வருவார். கேள்வி அடிபட்டவனுக்கு, பதில் கூட வந்தவரிடமிருந்து. வண்டியிலிருந்து விழுந்துவிட்டான். வண்டியிலிருந்து விழுபவனுக்கு முட்டியும் முழங்கையும் தேய்ந்திருக்கும். இவர்களுக்கு விரல் மட்டும்தான் போயிருக்கும். சொல்வதை எழுது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பைக் விபத்து என்று எழுதினாள். இந்த வருடம் மட்டும் எத்தனை பேருக்கு எழுதினாள் என்று நினைவில்லை. அப்போதெல்லாம் மாஸ்க் போட்டிருந்த அந்தக் கூட வந்தவர் இவர்தான்.

"நீங்க எழுதுன சீட்டெல்லாம் பாத்திருக்கேம்மா" என்றார் வனமாமலை. "சுருக்கமா இருக்கும். வீணா ஒரு கேள்வி கேக்க மாட்டிய. அதான் நானே சொல்லி அனுப்புனேன்."

நாளைக்கே வரலாம் என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் மோகன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவனும் அந்தப் பக்கம் இன்னொரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. டீ குடித்துக்கொண்டே கேட்டான். ஆச்சரியப்படவில்லை.

"எல்லா இடத்துலயும் அப்டித்தான் கீது. எழுதிட்டா அடிபட்டவனுக்குத்தான் நஷ்டம். மறுநா கேட்ல பாஸ் வேல செய்யாது. அவனே எழுதாதம்மான்னு கெஞ்சுவான்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும். நீ பகல்ல வூட்ல இருப்பியா இல்லியா, அதச் சொல்லு."

டம்ளரைப் பிடித்திருந்த அவன் இடது கையைப் பார்த்தாள். ஆடி மாதம் ஆள்காட்டி விரலில் கட்டோடு வந்தான். வண்டி ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டது என்றான். மெடிக்கல் ஷாப்பில் ஊசியும் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதற்குமேல் கேட்காமலிருப்பது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. பத்து நாள் அவள்தான் கட்டு மாற்றினாள்.

கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். தழும்பு நகத்துக்குக் கீழே குறுக்காக, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு போல இருந்தது.

"இது ஸ்டாண்டா?"

மோகன் மகள் இருக்கும் பக்கம் பார்த்தான். அவள் தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டாண்டுதான்" என்றான். கையை எடுத்துக்கொண்டான்.

பூர்ணிமா மருத்துவமனைக்குப் போன் செய்து ஒரு வாரம் லீவு சொன்னாள்.

மறுநாள் காலை மகளுக்குத் தலை பின்னினாள். வேன் எட்டு பத்துக்கு வந்தது. ஏற்றிவிட்டாள். கம்பெனி பஸ் எட்டு இருபத்தைந்துக்கு வந்தது. பலகையில் எண் மாற்றுவதும் நர்ஸ் வேலைதான் என்றார்கள். இரண்டைக் கழற்றி மூன்றை மாட்டினாள். பதினொன்றரை மணிக்கு ஒருவர் வந்தார். வலது கட்டைவிரலில் வெட்டு. கழுவிக் கட்டுப் போட்டாள். ஊசி போட்டாள். குளிர்பெட்டியில் பத்து மீதம். கூட வந்த சூப்பர்வைசர் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதினாள். அடுத்த கட்டத்தில் தலைவலி என்று எழுதினாள். ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இருந்தாள். மகளுக்கு ஒரு பக்கம் வீட்டுப்பாடம் இருந்தது. உட்கார்ந்து முடித்தார்கள்.