லாரி ஓடாத நாட்கள்

எண்ணூரில் ஓர் ஆலையில், வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்து சொல்லும் சென்சர்களைப் பராமரிப்பது என் வேலை. ஒரு சென்சரைப் பேச வைக்க, கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒயர் வழியே சின்னத் துடிப்பு ஒன்று போகும். அதுதான் எழுப்பும் அழைப்பு. பக்கத்தில் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கினாலும் அதே ஒயரில் ஒரு துள்ளல் உண்டாகும். சென்சருக்குள் இருக்கும் சிப் இரண்டையும் பிரித்தறிந்து, அழைப்புக்கு மட்டும் விழிக்க வேண்டும். மற்றதை இரைச்சல் என்று தள்ளிவிட வேண்டும். சந்தேகம் வந்தால் அழைப்பை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். அழைக்காமலே விழித்தால், எழுப்பியது இரைச்சல்.

மூளையில் ரத்தம் கசிந்து என் மனைவி படுத்த படுக்கையானாள். திருவொற்றியூர் வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டோம். கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. எர்ணாவூரில் இட்லிக் கடை வைத்திருக்கும் அவள் தங்கை, காலை வியாபாரம் முடிந்ததும் வந்துவிடுவாள்.

ஒரு நாள் அவள்தான் கத்தினாள். "மாமா, இங்க வந்து பாரு! யக்கா விரல ஆட்டுது. நான் கூப்டது அதுக்குக் கேட்டுச்சி!"

ஓடினேன். வலக்கை ஆள்காட்டி விரல் போர்வையின் மேல் லேசாக உயர்ந்து தாழ்ந்தது.

"யக்கோவ், இன்னும் எம்மாம் நாளு எங்கள பேஜாரு பண்ணுவ? ஏந்துரு. ஒன் புருசன் வெக்கிற ரசத்த நாய் கூட துன்னாது."

அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான்.

அழைக்கும்போதெல்லாம் அசைகிறதா என்று கவனித்துச் சொல்லும்படி டாக்டர் கேட்டார். அசைகிறது என்றே சொல்லிவந்தேன். அழைக்காமல் இருந்து பார்க்கும் அந்த ஆலைச் சோதனையை இந்தக் கட்டிலருகே செய்ய எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வீடு துறைமுகச் சாலையை ஒட்டியது. கன்டெய்னர் லாரி போனால் ஜன்னல் கம்பி அதிரும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால் அது எங்கள் காதில் விழுவதே இல்லை.

பிறகு லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சாலை காலியானது. விரலும் அடங்கிப் போனது.

"இன்னா மாமா, யக்கா கோச்சிகினு கீதா?" என்றாள் தங்கை. "நீ கூப்புடு. நீ கூப்ட்டா கேக்கும்."

நான் மட்டும் அழைக்கும் பெயரால் அவளை அழைத்தேன். காதருகே குனிந்து மறுபடி அழைத்தேன். விரல் போர்வையின் மேல் அப்படியே கிடந்தது.

வேலைநிறுத்தம் முடிந்த அன்று, தங்கை வருவதற்கு முன், வாய் திறக்காமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். டம்ளர்கள் உரசின. விரல் உயர்ந்து தாழ்ந்தது. காத்திருந்தேன். அடுத்த லாரிக்கும் உயர்ந்தது.

அன்றே டாக்டரிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டார். தங்கையிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மறுநாள் அவள் கை கழுவிக்கொண்டு, ஈரத்தைப் புடவையில் துடைத்தபடி அக்காவின் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"இன்னிக்காவது ஆட்டுமா மாமா?"

சாலைப் பக்கம் காதைக் கொடுத்தேன். முனையில் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"இப்போ கூப்புடு" என்றேன்.