அக்காவின் பல் நிறக் குதிரைகள்

என் அக்கா செயற்கைப் பல் செய்கிறவள். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சுக்குப் பொருந்தும்படி இவள் பல் செட் செய்து கொடுப்பாள். இருபத்தாறு வருடமாக இதே வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லில்தான் மெல்லுகிறார்கள், ஆனால் தெருவில் எதிரே வந்தால் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். என்னைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது, ஏனென்றால் நான் வாயை மூடுவதில்லை.

கல்யாணமாகி நாலு வருடத்தில் ஒத்துவராமல் அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நாங்களும் கிளறமாட்டோம். அம்மா, அக்கா, நான் என்று வீட்டில் மூன்று பேர். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஏழு வருடமாகிறது. எழுந்து நிற்க ஒரு கை வேண்டும்.

பொம்மைப் படை விளையாட்டை அக்காவுக்குப் பழக்கியது நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் உடைத்துக்கொண்டு வந்த பொம்மைகளை அவள் பல் செட் பசையால் ஒட்டிக் கொடுத்துத்தான் உள்ளே வந்தாள். விளையாட்டு இதுதான்: பெரிய மேசை, அதன் மேல் அட்டை மலைகளும் வேலிகளும், ஆளுக்கொரு படை. ஒவ்வொரு வீரனும் கட்டைவிரல் உயரம். வண்ணம் தீட்டுவது அவரவர் பொறுப்பு. டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும், பகடை உருட்டி அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரஸ்காரர் தன் அச்சகத்து மாடியைத் திறந்துவிடுவார். நாங்கள் இரண்டு பேரும், பிரஸ்காரரும், பஸ் ஓட்டும் டிரைவரும்தான் நிலையான ஆட்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர் ஏன் தோற்றோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பகடை சரியாக விழவில்லை என்று சொல்லக்கூடாது. சொன்ன பிறகுதான் டீ. இந்த விதி பிரஸ்காரர் போட்டது. என் கண்ணுக்கு முன்னால் எத்தனையோ டீ ஆறிப்போயிருக்கிறது, பெரும்பாலும் என்னுடையது.

வருடத்துக்கு ஒருமுறை வெளியூரில் மூன்று நாள் போட்டி நடக்கும். ஒரு குழுவுக்கு மூன்று பேர். பிரஸ்காரரும் டிரைவரும் நிச்சயம். மூன்றாவது இடம் இரண்டு வருடமாக எனக்கு. இந்த வருடம் துணி மடித்துக்கொண்டே அக்கா சொன்னாள்.

"இந்தத் தடவை அந்த இடத்துக்கு நானும் ஆடுறேன்டா. நான் வெளியூர் போனதெல்லாம் யார் கல்யாணத்துக்காவது, இல்ல ஆஸ்பத்திரிக்கு. எனக்குன்னு ஒரு தடவை போகணும்."

"தாராளமா ஆடுக்கா," என்றேன். நான்தான் ஜெயிப்பேன் என்று தெரிந்ததால் வந்த தாராளம் அது. மூன்று ஞாயிறு, வெளியூர் விதிப்படி மூன்று ஆட்டம், இரண்டு ஜெயிக்கிறவர் போவது என்று பேசி முடித்தோம்.

அக்காவின் பழைய படை கேடயக்காரர்கள். தோளோடு தோள் நின்று, வருகிறவனை வரவிட்டு அடிப்பார்கள். ஆனால் வெளியூர்ப் போட்டியில் நேரக் கட்டுப்பாடு உண்டு, மேசையில் குறித்துவைத்த மூன்று இடங்களை ஓடிப்போய்ப் பிடிப்பவனுக்குத்தான் அதிகப் புள்ளி. அதனால் ஒன்பது மாதம் உட்கார்ந்து புதிதாக ஒரு குதிரைப்படையைச் செய்திருந்தாள். ஈட்டிகள் எல்லாம் பல் கிளிப்புக்கான கம்பி, தரையில் போட்டாலும் உடையாது. குதிரைகளுக்கு அவள் தொழிலில் பல்லுக்குப் பார்க்கும் நிற அட்டையை வைத்தே வண்ணம் தீட்டியிருந்தாள். இருபத்து நான்கும் பதினாறு விதமான வெள்ளை. தளபதியின் குதிரை மட்டும் பால் பல் நிறம், அதற்கே பதினோரு நாள் ஆனதாம்.

"குதிரையா, கடைவாய்ப் பல்லா?" என்றேன்.

"கடிக்கும்போது தெரியும்," என்றாள்.

முதல் ஞாயிறு அது கடிக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, மேசையில் அந்தப் படை நின்ற அழகைப் பார்த்து டிரைவர் போட்டோ எடுத்தார். எள் போட்டால் எள் விழாது, அப்படி நெருக்கி இரண்டு வரிசையாக நிறுத்தியிருந்தாள். நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். என் வில்லாளிகள் வேலிக்குப் பின்னாலிருந்து அம்பு விட்டார்கள். முன்வரிசை சாய்ந்தது. பின்வரிசை திரும்ப முயன்றால் பக்கத்துக் குதிரை இடித்தது. அதற்குள் என் கோடாலிக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒன்பது மாத உழைப்பு பெட்டிக்குள் போய்விட்டது.

டீ வந்தது. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

"எனக்குத் தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்," என்றாள். பன்னிரண்டு வருடத்தில் அந்த மாடியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. டீயைத் தொடாமல் எழுந்து போனாள்.

அவள் போனபின் டிரைவர், "பழைய கேடயத்தையே எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பாவம்," என்றார். நானும் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா மறுநாள் குதிரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மேசையைத் துடைத்து, குதிரைகளைப் பரப்பித் தனியாக ஆடிப் பார்ப்பதாக அவளோடு வேலை செய்யும் பெண் என்னிடம் சொல்லிச் சிரித்தது.

புதன்கிழமை நான் ஒருவருக்கு மூக்குத்தண்டு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது கடைக்குப் போன் வந்தது.

"தெரிஞ்சிடுச்சுடா. பின்னாடி இருந்த பன்னெண்டு குதிரை ஒரு அங்குலம்கூட நகரல. நான் சந்து விடாம அடுக்கியிருக்கேன். பல்லுல சந்து இருந்தா டாக்டர் திருப்பி அனுப்பிடுவாரே, அதே கை. குதிரைக்குத் திரும்ப இடம் வேணும்ல."

"இதை ஏன் என்கிட்ட சொல்ற? நான்தானே எதிராளி."

"சொல்லணும்னுதானே விதி. டீ பாக்கி இருக்கு," என்று வைத்துவிட்டாள்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் திமிர் அப்படி. அடுத்த ஞாயிறு குதிரைகள் நான்கு நான்காக, நடுவில் கை நுழையும் அளவு சந்து விட்டு நின்றன. பார்க்க விகாரமாக இருந்தது. அக்காவே இரண்டு தடவை கையை நீட்டி நெருக்கப்போய், கையை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் சுற்றிலேயே பாய்ந்தாள். என் வில்லாளிகள் இரண்டாவது அம்பு விடவே இல்லை. நான் மண்ணைக் கவ்வினேன். வாய்விட்டுச் சொல்லும்போது, "அசந்துட்டேன்," என்றேன். அது காரணமே இல்லை என்று பிரஸ்காரர் டீயைத் தர மறுத்தார்.

மூன்றாவது ஞாயிறுக்கு நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தயாரானேன். எனக்கு அக்காவைத் தெரியும். செய்த பொருளை அவள் விட்டுக்கொடுக்கமாட்டாள், அதிலும் பதினோரு நாள் தீட்டிய தளபதியை. தளபதி போனால் எனக்கு ஐந்து புள்ளி. அதனால் அவன் எப்போதும் பின்னால்தான் நிற்பான் என்று கணக்குப் போட்டு, என் கோடாலிக்காரர்களை முன்னால், நடுவில் குவித்தேன்.

நடு ஆட்டத்தில் அக்கா தளபதியை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு நான்கே குதிரைகளைத் துணைக்குக் கொடுத்து என் வலதுகோடிக்கு அனுப்பினாள். ஐந்து புள்ளி கண்முன்னால் வந்து நிற்கிறது. என்னால் சும்மா இருக்க முடியுமா? கோடாலிக்காரர்கள் அத்தனை பேரையும் வலதுபக்கம் திருப்பினேன். தளபதி விழுந்தான். அக்கா அவனை எடுத்துப் பெட்டியில் படுக்கவைத்துவிட்டு, மிச்சக் குதிரைகளைக் காலியாகக் கிடந்த நடுப்பகுதி வழியாக ஓட்டி, மூன்று இடங்களையும் பிடித்துக்கொண்டாள்.

பிரஸ்காரர் புள்ளிகளைக் கூட்டி, அக்காதான் ஜெயித்தாள் என்றார். அக்கா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கண் நிறைந்திருந்ததைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் பொய். வயிறு எரிந்தது.

போட்டிக்கு அக்கா கிளம்பிய காலை, மாத்திரைகளையும் நேரத்தையும் ஒருமுறை சொன்னாள், இரண்டாம் முறை சொல்லவில்லை. நான் கடைக்கு மூன்று நாள் லீவு போட்டிருந்தேன். அம்மாவைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதற்கே எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மத்தியானம் போன் வந்தது. அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

"முதல் ஆட்டம் தோத்துட்டேன்டா. பாத்துக்கிட்டே இருக்கேன், சுத்தி வளைச்சுட்டான். ஏன் தோத்தேன்னு இப்பவே தெரிஞ்சிடுச்சு," என்று சொல்லிச் சிரித்தாள். "அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடுறாங்க, வச்சிடுறேன்."

வைத்துவிட்டாள். அம்மா சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா, ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம்தான் யோசித்தேன், இரண்டு வருடம் நான் போயிருந்தபோது வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போன் செய்தேன், அதுவும் சார்ஜரைத் தேடச் சொல்லி. கோபம் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"தோத்துட்டாளா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"இப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு. எப்ப வர்றா?"

"நாளன்னைக்கு."

"மெதுவாவே வரட்டும்," என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்க என் பக்கம் கையை நீட்டினாள்.