அவருடைய வைரஸில் மட்டும் ஒரு மாற்றம்

கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்து, செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபை மறுபடி திறந்திருந்த சமயம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. திடீரென்று, நானும் பாடும் பாடகர் குழுவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் ஐ.சி.யூ.வுக்கே போய்விட்டார்.

பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. கிடைத்தவர் சபை ஊழியரான கோயில்பிள்ளை. மணியடித்து, மைக் வைத்து, வளாகத்திலேயே குடும்பத்தோடு இருப்பவர். அவருக்கும் காய்ச்சல், மகளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. போதாதா? வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டது கமிட்டி.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உப்பல் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைப் படிப்பதுதான் என் வேலை. முகம் தெரியாதவர்களுக்குத் தினமும் செய்வதை இவருக்குச் செய்யமாட்டேனா? "நக்கோம்மா, கைக்கு இதைக் கிளறணும்?" என்றார் செயலாளர், வேண்டாம், எதற்கு என்பதை ஹைதராபாத் உருதுவில் கலந்து. கிளறத்தான் போகிறேன் என்றேன். மேலதிகாரியை நச்சரித்து அனுமதி வாங்கினேன். காய்ச்சல் வந்தவர்களின் மாதிரிகளைப் படிக்க வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்டேன். கோயில்பிள்ளை வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள்.

வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது அவ்வப்போது அதன் மரபணுவில் ஓர் எழுத்து மாறிவிடும். அந்த மாற்றம் அதிலிருந்து பிறப்பவற்றிலும் தொடரும். அதை வைத்துத்தான் எது முந்தியது, எது பிந்தியது என்று பார்ப்போம். காய்ச்சல் வந்த பாடகர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வைரஸ். கோயில்பிள்ளைக்கும் அதுவேதான், கூடவே புதிதாக ஒரு மாற்றம். அவரிடமிருந்து எங்களுக்கு வந்திருந்தால் அது எங்களிடமும் இருக்க வேண்டும். ஒருவரிடமும் இல்லை. அவருக்குத்தான் எங்களிடமிருந்து போயிருக்க வேண்டும்.

முதலில் அவரிடம் சொன்னேன். "இதைக் கமிட்டி முன்னாடி சொல்லுவியளாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். அப்படியானால் நம்மில் யார் முதல் என்று ஒருவர் கேட்டார். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்ததால் அதைச் சொல்ல முடியாது என்றேன். காய்ச்சல் தணிந்து பின்னால் நின்ற கோயில்பிள்ளை, "பாட்டு நேரத்துல ரோட்டுச் சத்தத்துக்குன்னு மூடுன சன்னலை இனிமே தெறந்து வைப்போம்யா" என்றார்.

கமிட்டி பின்வாங்க, கோயில்பிள்ளை வீட்டில் சாக்கு அவிழ்ந்தது. ரயில்வேக்காரரும் பிழைத்து வந்துவிட்டார். இப்போது ஆட்டோ ஹாரனுக்கு நடுவேதான் பாடுகிறோம். ஜன்னலை மூட ஒருவரும் சொல்வதில்லை. ஆய்வகத்தில் ஒவ்வொரு மாதிரியைக் கையில் எடுக்கும்போதும், இதன் முடிவுக்காக எங்கேயோ ஒரு குடும்பம் பாத்திரங்களைக் கட்டி வைத்துக் காத்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.