அக்காள் குழந்தைக்கு நான் ஊற்றிய தண்ணீர்

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான்தான். கற்றுத் தந்தது நாமக்கல் பக்கத்து முழுக்குச் சபை. பதினேழு வயதில் என் விசுவாசத்தை வாயால் அறிக்கையிட்டுக் கிணற்றில் இறங்கி முழுகினேன். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது வேதத்தில் இல்லை, தண்ணீர் யாரையும் இரட்சிக்காது என்பார் எங்கள் போதகர். உபாத்தியாயர் பயிற்சி முடித்து, சபைப் பள்ளிக்கூடத்து வேலைக்கு உத்தரவை எதிர்பார்த்திருந்த எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை.

அக்காளைத் தாய்மாமன் வீட்டில் கொடுத்திருந்தது. அவர்கள் கத்தோலிக்கர்; கைக்குழந்தைக்கே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கிறவர்கள். நான் போனால் அத்தைக்குக் கிண்டல்தான்.

"வாங்க, கெணத்துல முங்குன சாமி! இன்னும் ஈரங் காயலீங்களா?"

"உங்க சாமியாருக்குத் தண்ணிப் பஞ்சமுங்க அத்தை. ஒரு செம்போட முடிச்சுக்கறாரு" என்பேன் நானும்.

அக்காளுக்கு ஆண் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் பார்க்கப் போயிருந்தேன். நடுப்பகலில் குழந்தைக்கு மூச்சுத் திணறி உதடு நீலமாகிவிட்டது. பங்குச் சாமியார் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போயிருந்ததால் இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அவரைத் தேடி மச்சான் சைக்கிளில் ஓடினார். அத்தை மருத்துவச்சியை அழைக்கப் போனாள். காய்ச்சலில் எழ முடியாமல் பாயில் கிடந்த அக்காள் என் கையைப் பிடித்தாள்.

"தண்ணி ஊத்து சாமி. உசுரு போற நேரத்துல ஆரு ஊத்துனாலும் செல்லுமாம். நீ படிச்சவன், சொல்ல வேண்டியது உனக்குத் தெரியும்."

"தண்ணியில என்னக்கா இருக்குது? ஆண்டவர் பாத்துக்குவாரு. விசுவாசந்தான்..."

"என்ற புள்ளைக்கு விசுவாசிக்க எங்கடா நேரமிருக்குது?"

ஞானஸ்நானம் இல்லாத குழந்தை மோட்சம் சேராது, சாமியார் மந்திரித்த கல்லறை மண்ணில் அதற்கு இடமில்லை என்பது அவர்கள் கொள்கை. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, ஆமணக்குச் செடிகளுக்கு நடுவில் புதைப்பார்கள். அக்காளின் பக்கத்து வீட்டுக்காரி தன் குழந்தையை அங்கே புதைத்துவிட்டு, பூசைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்ததை நானே கண்டிருக்கிறேன்.

செம்பை எடுத்தேன். எங்கள் வேதத்தில் படித்த வார்த்தைகளைச் சொல்லி ஊற்றினேன். அத்தை மருத்துவச்சியோடு திரும்புவதற்குள் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

அழுது முடிக்கும் முன்பே அத்தை கேட்டாள்.

"என்ன சொல்லி ஊத்துனே?"

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலேன்னுங்க."

"ஆவியா? ஆவின்னா பேயாச்சே! இஸ்பிரீத்து சாந்துன்னு சொல்லத் தெரியலையா உனக்கு? சாகப்போற புள்ளை மேல பேயை ஏவி உட்டுட்டியேடா, படிச்ச பாவி!"

அவர்கள் செபத்தில் சொல்லும் பரங்கிச் சொல்லும் எங்கள் தமிழ்ச் சொல்லும் ஒன்றுதான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் ஏறவில்லை. அக்காள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியார் வரும்வரை எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வந்தார், தாடி வைத்த வெள்ளைக்காரர். முதலில் நான் சொன்ன வார்த்தையைக் கேட்டார். "சொல் வேறு, பொருள் ஒன்று. குற்றமில்லை" என்றார். அத்தை முணுமுணுத்தாள். தண்ணீர் தலையில் ஓடினதா என்றார். முதலில் துணிமேல் விழுந்தது, துணியை விலக்கிவிட்டு மறுபடியும் சொல்லி ஊற்றினேன் என்றேன். தலையசைத்தார்.

"என்ன நினைத்து ஊற்றினீர்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அக்காளின் ஆறுதலுக்காக என்றால் ஞானஸ்நானம் செல்லாது, குழந்தை வேலிக்கு வெளியே. உங்கள் சபை செய்கிறதைச் செய்தேன் என்றால் அது எங்கள் போதகர் காதுக்குப் போகாமல் இருக்காது.

"அக்கா கேட்டதைச் செய்யோணும்னுங்க."

"அவள் கேட்டது என்ன?"

"நீங்க கோயில்ல செய்யறதைங்க."

"அதை நீர் நம்பினீரா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தவித்தேன். "இல்லீங்க" என்றேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"நம்பாதது உம்முடைய ஆத்துமத்துக்குக் கேடு, குழந்தைக்கு அல்ல. நாங்கள் செய்கிறதைச் செய்ய நினைத்தீர், அது போதும். ஞானஸ்நானம் செல்லும்" என்றார்.

மறுநாள் காலையில் வேலிக்கு உள்ளே அடக்கம் செய்தார்கள்.

நான் புறப்படும்போது அக்காள் கூப்பிட்டாள். "உங்க போதகர் கேட்டா நானே ஊத்துனேன்னு சொல்லிப்போடு. உன்ற வேலைக்கு மோசம் வந்துரப்போவுது."

போதகர் கேட்கத்தான் செய்தார். நான்தான் ஊற்றினேன் என்றேன்.

"தண்ணீர் இரட்சிக்கும் என்று நினைத்தாயா?"

"இல்லை ஐயா."

"பிறகு எதற்காக இரண்டு தரம் ஊற்றினாய்?"

தண்ணீர் முதலில் துணிமேல் விழுந்தது வரைக்கும் அவருக்குச் செய்தி போயிருந்தது. "யோசித்து வந்து சொல்" என்று அனுப்பிவிட்டார். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேலைக்கு உத்தரவு இன்னும் வரவில்லை.