இரண்டாம் முறை சோதித்த நெய்

ஐம்பதுகளின் பிற்பாதியில் நான் திருச்சியில் உயர்நிலைப் பள்ளி மாணவன். விஞ்ஞானத்தில் வகுப்பின் முதல் இடம் என்னுடையது. பரிசோதனை அறை அலமாரியின் சாவியை வாத்தியார் என்னிடம்தான் கொடுத்துவைப்பார். பொய் சொன்னதாகவோ, பார்த்து எழுதியதாகவோ என்மேல் ஒரு புகாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது அவசியமாகிறது.

என் தகப்பனார் தெப்பக்குளத்தருகே ஒரு சினிமாக் கொட்டகையின் சுவரை ஒட்டி மிட்டாய்க்கடை வைத்திருந்தார். மேலே நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில், 'சுத்தமான பசு நெய்யில் செய்தது'. இடைவேளை மணி அடித்ததும் கூட்டம் நேரே எங்கள் கடைமுன் வந்து விழும். அந்தப் பத்து நிமிஷத்துக்காக லட்டும் மைசூர்பாகும் வாழையிலைத் துண்டுகளில் மடித்து, நூல் சுற்றித் தயாராக அடுக்கப்பட்டிருக்கும். எனக்குக் கொட்டகைக்குள் போக அனுமதியில்லை. சுவர் வழியே வரும் வசனங்களைக் கொண்டே பல படங்களின் கதையை அறிந்தேன். கதாநாயகி அழத் தொடங்கினால் இடைவேளை நெருங்கிவிட்டதென்று பொட்டலம் கட்டும் கைகள் வேகமெடுக்கும்.

விஞ்ஞான வாத்தியார் ஸ்ரீரங்கத்திலிருந்து வருபவர். வெளியிடத்தில் தண்ணீர்கூடத் தொடமாட்டார். ஆனால் சனிக்கிழமைகளில் பஸ் ஏறுமுன் எங்கள் கடையில் மைசூர்பாகு வாங்கிப்போவார். "ஆத்துல கொழந்தைகளுக்கு. இவன் அப்பா கடைன்னா நம்பி வாங்கலாம்" என்று வகுப்பிலேயே ஒருமுறை சொன்னார். அன்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் கலப்படம் பற்றிப் பாடம் நடத்தினார். வனஸ்பதியில் சட்டப்படி சிறிது நல்லெண்ணெய் சேர்க்கிறார்கள். ஆகவே வனஸ்பதி கலந்த நெய்யை உருக்கி, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால் ரோஜா நிறம் காட்டும். சுத்தமான நெய் நிறம் மாறாது என்றார். "நாளைக்கு யாராவது நல்ல நெய்யா கொண்டு வாங்கோ" என்று அவர் முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றேன்.

காலையில் என் தாயார், "வீட்டு ஜாடியிலேருந்து எடுத்துட்டுப் போடா" என்றார்.

"கடை நெய்தாம்மா வேணும். போர்டு போட்டிருக்கிறது அங்கதானே?"

"சொன்னாக் கேளு."

நான் கேட்கவில்லை. கடைத் தூக்கிலிருந்து ஒரு சிறு புட்டியில் மொண்டு எடுத்துப்போனேன்.

வாத்தியார் குலுக்கி நிறுத்தினார். குழாயின் அடியில் மெல்லச் சிவந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "என்னடா, உங்க நெய்க்கு வெக்கம் வந்துடுச்சா?" என்றான். சிரிப்பு எழுந்தது. வாத்தியார் குழாயைச் சட்டென்று மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டார்.

"ஆசிட் பழசாப் போயிடுத்து. விட்டுடு. போய் உக்காரு."

நான் உட்காரவில்லை. "அலமாரியில புது பாட்டில் இருக்கு சார். இன்னொரு தரம் பாருங்க" என்று நானே பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு புது ஆசிட்டை விட்டுக் குலுக்கினார். இம்முறை நிறம் முன்னைவிட அழுத்தமாக இருந்தது.

மாலையில் நான் கடைக்குப் போகுமுன்பே செய்தி போயிருந்தது. தகப்பனார் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாந்தரம் பண்ணச் சொன்னியாமே?"

"ஆமாம்ப்பா."

"மொத தரமே வாத்தியார் விட்டுடுன்னாராம்."

"ஆசிட் கெட்டிருக்கும்னு நெனச்சேன்."

"அவருக்குப் புரிஞ்சது உனக்குப் புரியலை."

கலந்தீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். சுவருக்கு அப்பால் மணி அடித்தது. "கூட்டம் வருது. தள்ளி நில்லு" என்றார்.

அந்த வாரமே பெயிண்டர் வந்து 'சுத்தமான பசு' என்ற இரு சொற்களின்மேல் நீலம் பூசிவிட்டுப் போனார். 'நெய்யில் செய்தது' மட்டும் மிஞ்சியது. வாத்தியார் சனிக்கிழமைகளில் எதிர்ச்சாரியில் நடந்து பஸ்ஸுக்குப் போனார். சோதனைக்கு மறுநாளே வகுப்பில் அலமாரிச் சாவியை நான் திருப்பி நீட்டியபோது, வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். தகப்பனார் என்னைக் காலேஜில் சேர்த்தார், பட்டமும் வாங்கினேன். ஆனால் தம் கையால் ஓர் இலைப் பொட்டலத்தை அதன்பிறகு அவர் எனக்குக் கொடுத்ததில்லை.

கல்யாண வீடுகளில் உறவினர் இதை இன்றும் வேடிக்கைபோல் சொல்கிறார்கள். சினிமாவுக்கு விடாத ஆத்திரத்தில் பையன் தெரிந்தே தகப்பனைக் காட்டிக்கொடுத்தான், கடையும் அதோடு மூடிப்போயிற்று என்கிறார்கள். கடை அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் நடந்தது. இடைவேளைக் கூட்டம் ஒருநாளும் குறையவில்லை. நெய்யில் கலப்படம் இருந்தது எனக்குத் தெரியாது.