மாத்தளை நீதிமன்றத்திலிருந்து பாதுகாப்புக் குழு வரை

சட்டத்தரணி வேலையில் பாதி காத்திருப்பு. அதோடு அரசியலையும் சேர்த்துக்கொண்டால் மீதிப் பாதியும் காத்திருப்புதான். என்னைப்போலக் கதிரை தேயக் காத்திருக்கும் தோழிகளே, அந்த நேரத்தில் கனவு காணப் பழகியிராவிட்டால் நானெல்லாம் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பேன்.

பூட்டிய வீடு

மாத்தளை நீதிமன்றத்தில் என் முதல் வழக்கு நபீஸாவுடையது. பல்லேபொலயில் மிளகுக்கொடி படர்ந்த வீடு அவருக்கு. கணவர் மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் கணவரின் அண்ணன் வாசலில் பூட்டுப் போட்டுவிட்டார். விசாரணை நாளில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பேசி உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். யன்னலுக்கு வெளியே மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தேன். தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. என்ன பேசினேன் என்று இன்றைக்கும் சரியாக நினைவில்லை. பூட்டைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வெளியே வந்ததும் நபீஸா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பேசக்குள்ள, தங்கச்சி, என்ட மனசு சத்தம் போட்டுப் பேசின மாதிரி இருந்திச்சி."

பனிக்குள் கூட்டம்

தேர்தலில் நின்றபோது பல்லேகமப் பக்கம் ஒரு கூட்டம். கட்சிப் பெரியவர்கள் பேசி முடித்து வாகனம் ஏறிய பிறகுதான் மைக் என் கைக்கு வந்தது. அதற்குள் பனி இறங்கி, எதிரே ஒன்றும் தெரியவில்லை. அந்த வெள்ளையைப் பார்த்தே பேசினேன். வெள்ளம் அடித்துப்போன பாலத்தைப் பற்றி, அக்கரையில் பிரசவ வலியோடு காத்துக் கிடந்த பெண்ணைப் பற்றி. பனி விலகியபோது மைதானத்தில் ஒரேயொரு விவசாயி.

"நான் மாடு தேடி வந்தேங்க. நீங்க பேசினதக் கேட்டு நின்னுட்டேன், மாடும் நின்னுருச்சு."

கோட்டுக்குள்

அந்த முறை தோற்றேன். அடுத்த முறை பாராளுமன்றம் போனேன். தேசியப் பாதுகாப்புக் கொள்கையை ஆராயும் குழுவில் என்னைப் போட்டார்கள். அங்கே நான் ஒருத்திதான் பெண். திரையில் ஒரு வரைபடம், இராணுவ முகாம்களுக்கு எடுக்கப்போகும் காணிகளைச் சுற்றிச் சிவப்புக் கோடுகள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மருதாணி வைத்த கைபோல அழகாக இருந்தது.

கோட்டுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அது கொள்கைக்குரிய கேள்வி இல்லை என்றார் தலைவர். குடியிருப்பவர்களைக் கேட்காமல் காணி எடுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்காவிட்டால் குழு அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மாதக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் வரி சேர்ந்தது. குழுவில் ஒருநாளும் வாய் திறக்காத, யாழ்ப்பாணத்துக்காரரான அமைச்சு அதிகாரி ஒருவர், அன்று மாலை நடைபாதையில் என்னை நிறுத்தினார்.

"எங்கட வீடும் ஒரு காலத்தில இப்பிடி ஒரு கோட்டுக்குள்ளதான் இருந்தது, மேடம். எனக்குக் கேக்க ஏலாது, நீங்கள் கேட்டீங்கள்."

பேசிப் பிழைக்கிற தொழில் என்று இதைச் சொல்கிறார்கள், ஆனால் நினைவில் நிற்கும்படியான ஒரு வார்த்தைகூட இதுவரை என் வாயிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை.